சந்தோஷ் டிராபி: பய்யநாடு கேலரியில் இரண்டு ராத்திரி

ஐ.எஸ்.எல். கிளப் கால்பந்து பார்த்துப் பழகியவர்கள், மாநில அணிகள் மோதும் தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியை ஒரு படி கீழேதான் வைப்பார்கள். 2022இல் கேரளாவின் மஞ்சேரி பய்யநாடு ஸ்டேடியத்தில் அரையிறுதியையும் இறுதியையும் நேரில் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது தப்பு.

எங்கள் கூடலூரிலிருந்து நாடுகாணி சுரம் இறங்கி நிலம்பூர் வழியாகப் போனால் மஞ்சேரி. வந்திருந்த 10 அணிகளில் தமிழ்நாடு இல்லை, அந்த வருத்தத்தோடுதான் கிளம்பினேன். அரையிறுதியில் கேரளாவுக்கு எதிராகக் கர்நாடகா முதல் கோல் போட்டதும் கேலரி அடங்கிப்போனது. அரை மணி ஆட்டத்துக்குள்ளேயே கேரளா சப்ஸ்டிட்யூட்டாக ஜெசினை இறக்கியது. இடைவேளைக்குள் அவருக்கு மூன்று கோல், மொத்தம் ஐந்து! 7-3 என்று கேரளா ஜெயித்தது. என் தொண்டை மறுநாள் வரை திறக்கவில்லை.

மேற்கு வங்கத்தோடு இறுதிப்போட்டி மே 2, ரமலானின் முப்பதாவது நோன்பு. சாயங்காலமே கேலரி நிரம்பிவிட்டது. பக்கத்தில் இருந்த பெரியவர் பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் எனக்கும் நீட்டினார். அங்கேயே உட்கார்ந்துதான் எல்லாரும் நோன்பு திறந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும். கோலுக்கு மட்டும் கத்துகிற கூட்டமில்லை, டிஃபெண்டர் சரியான நேரத்தில் காலை நீட்டிப் பந்தைப் பறித்தால் அதற்கும் எழுந்து நிற்கிறார்கள். மேற்கு வங்கம் லேசுப்பட்ட அணியா? அதுவரை 32 முறை கோப்பை வாங்கியவர்கள். எக்ஸ்ட்ரா டைமில் அவர்கள் முந்த, முடிய நாலைந்து நிமிஷம் இருக்கும்போது கேரளாவின் சஃப்னாத் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் கேரளா ஐந்தையும் போட்டது, 5-4. கேரளாவுக்கு ஏழாவது கோப்பை.

குறை உண்டு. வெறும் கான்கிரீட் படியில் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும், விரிக்க ஒரு துண்டு கட்டாயம். ஆட்டம் முடிந்து வெளியே வருவதுதான் பெரிய பாடு. குழந்தைகளோடு போகிறவர்கள் கூட்டம் வடியும்வரை படியிலேயே இருங்கள். இறுதிப்போட்டி என்றால் மத்தியானமே போய்விடுங்கள்.

திரும்பும் வழி நெடுக, நிலம்பூர் தாண்டியும், பள்ளிவாசல்களில் பெருநாள் தக்பீர் முழக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடலூர்ப் பையன்கள் நாங்கள் நாலு பேரும் அந்த கடைசி ஹெட்டரைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.