ஹைலக்ஸ் உள்பக்கம்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

வண்டி 1991 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஒற்றை கேபின், 2.4 லிட்டர் டீசல். அப்பா பினாங்கில் தேங்காய் வியாபாரம் செய்த காலத்தில் வாங்கியது. உள்பக்கத்தை முழுசாகப் பிரித்து மறுபடி சேர்த்து நான்கு வருடம் ஆகிறது. வேலை முடிந்த மறுநாள் பளபளவென்று படம் போடுகிறவர்கள் நிறைய, நாலு மழைக்காலம் போன பிறகு அதே வண்டி எப்படி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் குறைவு.

முதலில் என் முட்டாள்தனம். தரைக்குக் கார்ப்பெட் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்து, "தேங்கா ஏத்துற வண்டிக்கு எதுக்குடா கார்ப்பெட்டு?" என்றார். நான் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் கேபினுக்குள் ஈரச் சாக்கு வாடை. தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த மெத்தையைப் பிழிந்து ஒரு வாளி நிரப்பலாம், பட்டறையில் காசு கொடுத்துப் பற்றவைத்த புதுத் தகட்டின் ஓரத்தில் அதற்குள் செந்துரு. பழைய துரு எதனால் வந்தது என்று தேடாமல் துருவை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறேன், அதுதான் கதை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுக்கைப் பிடித்தோம். தரை முழுக்கப் பழைய பேப்பர் விரித்து, நான் டார்ச்சோடு டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துக்கொள்ள, அப்பா வெளியிலிருந்து ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்தார். கதவிலிருந்து தொடங்கி மேலே மேலே, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். எந்தப் பேப்பர் முதலில் நனைகிறது என்று பார்த்தால் போதும். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து மூலையில் விட்டிருந்தது. வைப்பருக்குக் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டையில் காய்ந்த இலையும் தேங்காய் நாரும் அடைத்திருந்ததால் மழைத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே வந்தது. மழையே இல்லாத நாளிலும் இடது பக்கம் நனைவதற்குக் காரணம் ஏசி: காயிலில் ஊறும் தண்ணீர் இறங்குகிற குழாய் அடைத்துப் போயிருந்தது. ரப்பருக்கு மட்டும்தான் செலவு, மற்ற இரண்டும் ஒரு கம்பியும் கொஞ்சம் காற்றும்.

துருவைப் பற்றி ஒரு வார்த்தை. துருவைக் கறுப்பாக மாற்றுகிற திரவம் மேலோட்டமான துருவுக்குச் சரி, ஓட்டை விழுந்த தகட்டில் அதைப் பூசி மேலே பெயின்ட் அடிப்பது கண்துடைப்பு. வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, இணைப்பில் சீலர் போட்டு, அடிப்பக்கமும் பூச வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியைக் கழற்றுங்கள், சீட்டும் பாயும் வண்டிக்குள் இருக்கவே கூடாது.

இப்போது தரையில் தடித்த வினைல் பாய், அதற்குக் கீழே தண்ணீர் குடிக்காத ஃபோம். எதையும் ஒட்டவில்லை. மாதம் ஒரு முறை ஓரத்தைத் தூக்கிக் கையால் தடவிப் பார்ப்பேன். மூன்று வருடமாகக் காய்ந்தே இருக்கிறது.

சீட்டைப் பட்டர்வொர்த்தில் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன், 650 வெள்ளி (ரிங்கிட்). மூன்று பேர் உட்காரும் நீள சீட், ஓட்டுகிற பக்கம் குழி விழுந்திருந்தது. புது ஃபோம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், கடைக்காரர்தான் துணியைக் கழற்றி உடைந்திருந்த ஸ்பிரிங்கைக் காட்டினார், அதைக் கட்டாமல் எத்தனை ஃபோம் போட்டாலும் மறுபடி குழிதான் என்றார். உட்காரும் இடத்தில் துணி, ஓரங்களில் பிவிசி லெதர் கேட்டு வாங்கினேன். நம்ம ஊர் வெயிலில் நின்ற வண்டியில் முழு பிவிசி சீட்டில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். ஃபோம் இன்னும் அமுங்கவில்லை. ஆனால் ஏறி இறங்கும்போது உரசுகிற வலது ஓரத்தில் தையல் விட்டுவிட்டது, அங்கே இரட்டைத் தையல் போடச் சொல்லியிருக்க வேண்டும்.

டேஷ்போர்டு வெடிப்பை எபாக்ஸி வைத்து நிரப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்தது இன்னொரு வீண் வேலை. வெயிலில் டேஷ்போர்டு விரியும், ராத்திரி சுருங்கும், எபாக்ஸி கல் மாதிரி நிற்கும். ஒரு வருடம்கூடத் தாங்காமல் பழைய வெடிப்புக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு. இப்போது அளவெடுத்துத் தைத்த உறை ஒன்று போட்டிருக்கிறேன். அழகு என்று சொல்ல மாட்டேன்.

சத்தத்துக்குக் கதவிலும் பின்சுவரிலும் தார் ஷீட் ஒட்டினேன், விலை மலிவு என்று. நண்பகலில் வெளியே நிறுத்தினால் புதுசாகப் போட்ட ரோடு மாதிரி வாடை வந்தது. உரித்துவிட்டு பியூட்டைல் என்கிற ரப்பர் ஷீட் போட்டேன். பினாங்குப் பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், முன்பெல்லாம் அந்தத் தூரம் முழுக்கக் கத்தித்தான் பேசுவோம், இப்போது சாதாரணமாகப் பேசலாம். டீசல் டீசல்தான், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

மீட்டர் விளக்குகளை எல்இடியாக மாற்றினால் ராத்திரியில் நன்றாகத் தெரியும், ஆனால் பேட்டரி படம் போட்ட சார்ஜ் விளக்கை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுங்கள். பல பழைய வண்டிகளில் அந்தப் பல்ப் வழியாகப் போகிற கரண்டில்தான் பேட்டரிக்குக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரே சார்ஜ் கொடுக்க ஆரம்பிக்கும்.

கூரை வினைலை மாற்றவில்லை. அப்பாவின் சிகரெட்டில் பழுப்பேறியிருந்தது, சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை துடைத்ததில் பாதி வெளுத்தது, மீதி அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

இந்த வருடமும் தைப்பூசத்துக்கு முந்தின நாள், தேர் வருகிற வழியில் உடைப்பதற்கு உறவுக்காரர்களுக்குத் தேங்காய் ஏற்றிப் போனோம். பின்னால் இடம் போதாமல் இரண்டு மூட்டை கேபினுக்குள், அம்மாவின் காலடியில். வீடு வந்ததும் பாயை வெளியே இழுத்து உதறி, குழாயைத் திறந்து கழுவினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், கார்ப்பெட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இடது கதவு ரப்பர் இளகத் தொடங்கியிருக்கிறது, செப்டம்பர் மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும்.