வாவிக்கரைப் பூங்கா: எனக்கு 5 இல் 4, என்ட மனுசிக்கு 2

33 வருசம் சைக்கிள் மிதிச்சுக் கடிதம் குடுத்த கால் என்ட கால். பென்சன் எடுத்து இரண்டாம் வருசமே சீனி 210 காட்டிச்சு. "மருந்து நான் தருவன், நடக்கிறது நீங்கதான் நடக்கணும் ஐயா" எண்டு கிளினிக்கில டொக்டர் சொல்லிட்டார். அப்பிடித்தான் மட்டக்களப்பு வாவிக்கரையில இருக்கிற இந்தச் சின்னப் பூங்காவுக்குப் போகத் தொடங்கினன். பேர் போடயில்ல. போட்டா நாளைக்கு அங்க வேலை செய்யிற தம்பிமாருக்குத்தான் ஏச்சு விழும்.

முதல்ல நல்லதச் சொல்லிர்றன். விடிய அஞ்சரைக்குப் போனா வாவிக் காத்து முகத்தில அடிக்கும், தோணியில வலை இழுக்கிற ஆக்கள் கரையால கதைச்சிட்டுப் போவாங்க. ஒரு சுத்து என்ட காலடியில 412, நாலு நிமிசம். எட்டுச் சுத்தோட அரை மணித்தியாலம் சரி. கிழமைக்கு 150 நிமிசமாவது வேகமா நடக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அஞ்சு நாள் போனா அந்தக் கணக்கும் சரி. மூணு மாசத்தில சீனி 150க்குக் கிட்ட வந்திட்டு. பத்தியமும் மருந்தும் சேந்ததுதான், நடைக்கு மட்டும் பேர் குடுக்கேலா.

பிறகுதான் மனுசியக் கூட்டிட்டுப் போனன். இரண்டு வருசத்துக்கு முந்தி பாரிசவாதம் வந்து அவக்கு இடப்பக்கம் விழுந்திட்டு, சக்கர நாற்காலிதான். வாசலில மோட்டார் சைக்கிள் உள்ள போகாம இருக்க வளைச்சு வளைச்சு இரும்புக் குழாய் போட்டிருக்கு. அதுக்குள்ள நாலஞ்சு முறை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பாத்தன். அடுத்த நாள் அளவு நாடா கொண்டுபோனன்: இடைவெளி 58 சென்ரிமீற்றர், நாற்காலி 66. பக்கத்தில பெரிய கேற் ஒண்டு இருக்கு, பூட்டு. சாவி ஒப்பீசில, ஒப்பீஸ் திறக்கிறது எட்டரைக்கு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில எட்டரைக்கு எங்கட ஊர் வெயில் எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும்.

"இஞ்சாருங்க, நீங்க போய் நடந்திட்டு வாங்க. நான் இதில இருக்கன்" எண்டா. வாசலுக்கு வெளிய இலைக்கஞ்சி விக்கிற அக்காட பக்கத்தில, றோட்டப் பாத்தபடி. நான் உள்ள போனன். மூண்டாவது சுத்தில கம்பிக்கால பாக்கிறன், ஒரு பஸ் போக அவ முந்தானையால மூக்கப் பொத்திட்டு இருக்கா. வாவி அவக்கு முதுகுப் பக்கம். எட்டுச் சுத்து அண்டைக்கு நடக்கயில்ல.

இதில பகிடி என்னெண்டா, பின்பக்கம் வேலி பிஞ்சு கிடக்கு. பொடியன்மார் அதால மோட்டார் சைக்கிள உள்ள ஓட்டிட்டு வந்து வாகை மரத்துக்குக் கீழ விட்டிட்டு இருக்கானுகள். மறிக்க நினைச்சது உள்ள நிக்குது.

காவல் தம்பியோட கதைச்சன். நல்ல புள்ள. "நான் நிக்கிற நாளில சாவிய இரவே வாங்கி வைக்கிறன் ஐயா" எண்டு சொன்னான், செய்யிறான். ஆனா அது அவன்ட மனசு, பூங்காட ஏற்பாடு இல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல வந்தது, பொது இடங்களில அணுகு வசதி செய்யிறதுக்கான ஒழுங்குவிதிகள் 2006 இல வந்தது. குழாய் ஒண்ட வெட்டி இடைவெளிய 90 சென்ரிமீற்றர் ஆக்க ஒரு வெல்டிங் கடைக்காரனுக்கு அரை நாள் வேலை.

உள்ள போனாலும் எல்லாம் சரியில்ல. வாகை வேர் நடைபாதைக் கல்லத் தூக்கின இடத்தில நாற்காலிட முன் சில்லு இறுகிரும், பின்பக்கமா இழுத்துத்தான் எடுக்கணும். மலசலகூடத்துக்கு இரண்டு படி, 30 சென்ரிமீற்றர் உயரம். அதுக்குச் சாய்தளம் எண்டு ஒரு மீற்றர் நீளத்தில சீமெந்து போட்டிருக்கு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் எண்ட கணக்கில 3.6 மீற்றர் வரணும். இது சாய்தளம் இல்ல, சித்திரைக்கு நடுற வழுக்குமரம்.

வாங்குகளில முதுகு சாயப் பலகையும் இல்ல, கை ஊண்டி எழும்பக் கைபிடியும் இல்ல. முழங்கால் நோவுள்ள கிழடுகட்டைகள் ஒருக்கா இருந்தா ஆள் வந்து தூக்கணும். உடற்பயிற்சிச் சாமான் ஏழு நிக்குது, எல்லாம் நிண்டு செய்யிறதுதான். தோள் சுழற்றுற சக்கரம் ஒண்டு இருக்கு. இவட இடக்கைக்கு பிசியோ மிஸ் சொன்ன அதே பயிற்சி. ஆனா நாற்காலியில இருந்து கை நீட்டினா சக்கரத்திட கீழ் விளிம்புதான் விரல் நுனியில படுது. அவ விடயில்ல, அந்த விளிம்பத் தட்டித் தட்டியே பாதிச் சுத்து சுத்தினா. இன்னொண்ட இரண்டடி கீழ இறக்கிப் பூட்டினாப் போதும்.

மேற்குப் பக்கம் நிழலே இல்ல. பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு குருவியும் இல்ல. வேம்பும் மருதும் வைக்கலாம், அழகுக்கு வைச்ச பாம் மரம் நிழல் தராது. மாரி தொடங்கினா குப்பை வாளியில தண்ணி தேங்கும். டெங்கு நுளம்பு கடிக்கிற நேரம் விடியவும் பொழுது படவும்தான், நாங்க நடக்கிற அதே நேரம். காற்சட்டை நீளமாப் போட்டுட்டுப் போங்க. வாகனம் நிறுத்த இடமிருக்கு, லைற் எரியுது, நாய் தொல்லை பெருசா இல்ல.

நீங்க சக்கர நாற்காலியோட போறதெண்டா முதல் நாளே காவல் தம்பியக் கேட்டு வையுங்க. போயாவுக்கு, பௌர்ணமி விடுமுறைக்கு, அவன் லீவு. போன போயாவுக்கும் இவ வாசலிலதான் இருந்தா. அண்டைக்கு நானும் உள்ள போகயில்ல. இலைக்கஞ்சி இரண்டு கோப்பை, கடிக்கச் சக்கரைத் துண்டு. கஞ்சிக்கு 5 இல் 5.