ஒரே பெயர், ஒரே அளவு, வேறு லாட்: மேட்ச் பெல்லட்டுடன் நெடுநாள் அனுபவம்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கென ஐரோப்பாவில் தயாராகும் மேட்ச் பெல்லட் (போட்டித் தரமுள்ள சிறு ஈயக் குண்டு) ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் அதன் விலை சற்று இறங்கியிருப்பதால், வாங்கலாமா என்று எங்கள் கிளப்பில் பலரும் கேட்கிறார்கள். 4.5 மி.மீ. காலிபர், தட்டைத் தலை, 0.53 கிராம் எடை, டின்னுக்கு 500 என்பதெல்லாம் ரைஃபிள் பிடிப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். டின்னின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாளையும், பலர் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்காத அதன் லாட் எண்ணையும், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரானவற்றைக் குறிக்கும் எண்ணையும் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். என்னுடைய புள்ளிகளை அந்த எண் பாதித்த அளவுக்கு, புதிய ஜாக்கெட்டோ புதிய ட்ரிகர் அமைப்போ பாதித்ததில்லை.

முதலில் பாராட்டை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கத்தில் வாங்கிய டின்கள் அனைத்தும் ஒரே லாட்டைச் சேர்ந்தவை. மூடியைத் திறந்து மேலிருக்கும் ஸ்பாஞ்சை எடுத்தால், டின்னின் அடிவரை ஈயத் துகளோ பொடியோ கண்ணில் படாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஸ்கர்ட்டின், அதாவது பெல்லட்டின் பின்புற விரிந்த பகுதியின், விளிம்பு சுற்றிலும் ஒரே தடிமனில், நசுங்கலோ பிசிறோ இல்லாமல் இருக்கும். குழலின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளும்போது, ஒவ்வொரு பெல்லட்டும் ஒரே அளவு எதிர்ப்பைக் காட்டிவிட்டு உள்ளே போய் உட்காரும். சில நாட்கள் பழகிவிட்டால், அந்த எதிர்ப்பில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தைக்கூட விரல் சொல்லிவிடும். ரைஃபிளை அசையாத வைஸ் பிடியில் இறுக்கி வைத்துப் பத்துப் பத்தாகச் சுட்டபோது, குரூப்பின் (ஒரே இடத்தில் விழும் துளைகளின் கூட்டத்தின்) வெளிவிளிம்பு ஆறு மில்லிமீட்டருக்குள் அடங்கியது. ஒற்றைத் துளையே 4.5 மி.மீ. என்பதால், மையத்திலிருந்து மையத்திற்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் சிதறல். சுடுபவரின் கை நடுக்கம் ஒன்றைத் தவிர வேறு எதையும் குறைசொல்ல முடியாத நிலை அது, அந்த நிலையில் பயிற்சி செய்வது பெரும் நிம்மதி.

அடுத்த முறை வாங்கியபோது டின் அதே டின், பெயர் அதே பெயர், தலையின் விட்டம் அதே 4.50 மி.மீ., எடையும் தராசில் அதேதான். லாட் எண் மட்டும் வேறு. பிடியில் வைத்துச் சுட்டதில் குரூப் எட்டு மில்லிமீட்டரை நெருங்கியது. அதிலும் எரிச்சலூட்டியது சிதறலின் தன்மை: ஏழெட்டுக் குண்டுகள் ஒரே துளையைக் கிழித்துக்கொண்டு போக, ஒன்றோ இரண்டோ மட்டும் தனியாக விலகி நிற்கும், அதுவும் ஒருமுறை மேலே, மறுமுறை வலப்பக்கம், பிறகு கீழே என்று திசை மாறி மாறி. குறிபார்க்கும் சைட் பிசகியிருந்தாலோ பிடி தளர்ந்திருந்தாலோ விலகல் ஒரு பக்கமாகத்தான் சாய்ந்திருக்க வேண்டும். ரைஃபிளில் கை வைக்காமல் மீதமிருந்த பழைய லாட்டைப் போட்டுச் சுட்டேன்; குரூப் மறுபடியும் ஆறுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகு ஐயத்திற்கு இடமில்லை.

இரண்டு மில்லிமீட்டருக்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்கள் டார்கெட்டின் அளவுகளைப் பார்க்க வேண்டும். ஏர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலம், ஆகவே தசமக் கணக்கில் 0.1 புள்ளி என்பது வெறும் 0.25 மி.மீ. ஒரு குண்டுக்கு அதிகபட்சமான 10.9 பெற வேண்டுமானால், பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். பிஸ்டலில் வளையங்கள் பெரியவை, ஆனால் அங்கும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாகர் 0.1 புள்ளி வித்தியாசத்தில்தான் தங்கம், வெள்ளிக்கான கடைசிச் சுற்றைத் தவறவிட்டு வெண்கலம் பெற்றார்.

லாட் மாறும்போது என்ன மாறுகிறது? மேட்ச் பெல்லட் ஈயக் கம்பியைத் துண்டாக்கி எஃகு அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. அச்சு தேயத் தேய அதன் குழிவு மிக நுண்ணிய அளவில் அகலும். ஒரு கட்டத்தில் புதிய அச்சு பொருத்தப்படும். ஈயக் கலவையின் கடினத்தன்மையும் வரவுக்கு வரவு சற்று வேறுபடும். ஒரே தொழிற்சாலையில் ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகள் ஓடுவதும் உண்டு. டின்னில் அச்சிட்டிருக்கும் 4.50 என்பது ஒரு வகைப்பெயர் போன்றதே தவிர, உள்ளிருக்கும் ஒவ்வொன்றையும் அளந்து எழுதிய எண் அன்று. அத்துடன், ஒவ்வொரு குழலுக்கும் அதன் உட்புறத்திற்கேற்ற விருப்பம் உண்டு. என் ரைஃபிளில் விரிந்துபோன அதே லாட், பக்கத்து லேனில் இருப்பவரின் ரைஃபிளில் நன்றாகவே குவிந்தது. ஆகவே அதை மோசமான லாட் என்று நான் சொல்லவில்லை. என் குழலுக்கு ஒவ்வாத லாட் என்பதே சரியான சொல்.

எடையைப் பற்றி நம்மவர்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள் என்பது என் கருத்து. நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட், காற்றுத் தடையை விட்டுக் கணக்கிட்டால், பத்து மீட்டரைக் கடக்கும் நேரத்தில் ஏறத்தாழ 16.6 மி.மீ. கீழிறங்குகிறது. வேகம் 170 ஆகக் குறைந்தால் இறக்கம் 0.4 மி.மீ. கூடும். 0.53 கிராமில் ஒரு சென்டிகிராம் வேறுபட்டால் வேகத்தில் வரும் மாற்றம் இதைவிடச் சற்றுக் குறைவுதான். நல்ல லாட்டில் அந்த அளவு எடை வேறுபாடே அரிது. எடைமையம் நடு அச்சிலிருந்து விலகியிருந்தால் கதை முற்றிலும் வேறு. பல குழல்களில் உள்ளதுபோல 450 மி.மீ. நீளத்திற்கு ஒரு சுற்று என்று பெல்லட் சுழன்று வெளியேறும்போது, எடைமையம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகியிருந்தாலே, பத்து மீட்டரில் அது 1.4 மி.மீ. தள்ளிப் போய் விழும். தசமக் கணக்கில் 0.5 புள்ளிக்கு மேல் போய்விட்டது. பெல்லட்டை எந்தப் பக்கமாகத் திருப்பிப் போடுகிறோமோ அதற்கேற்ப விலகும் திசையும் மாறும். ஸ்கர்ட்டின் ஒரு பக்கம் இம்மி தடித்திருந்தால் போதும், அல்லது ஈயத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் ஒன்று இருந்தால் போதும். தராசு இதை ஒருபோதும் காட்டாது. திசை மாறி மாறி விழுந்த அந்த விலகல்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்க்கும் வழக்கம் பழையது. தலையும் ஸ்கர்ட்டும் வெவ்வேறு விட்டம் கொண்டவை என்பதால் பெல்லட் வளைந்து உருளும். அளவு மாறியவை வேறு பாதையில் போய்விடும். நசுங்கிய ஸ்கர்ட்டைப் பிரித்தெடுக்க இது உதவுகிறது, ஆனால் ஒவ்வாத லாட்டை இது ஒவ்வும் லாட்டாக மாற்றிவிடாது. கடைசியில் அட்டையில் சுட்டுப் பார்ப்பதுதான் சோதனை. அதையும் ஐந்து குண்டு குரூப் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஐந்து குண்டுகள் அதிர்ஷ்டத்தால் ஒரே துளையில் போவது அரிதான செய்தியே அன்று. ரைஃபிளை அசையாத பிடியில் வைத்து, பத்துக் குண்டு குரூப்புகளாக, இரண்டு லாட்டையும் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். லாட் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கில் சேராத சில குண்டுகளைச் சுட்டுக் குழலைப் புதிய ஈயத்திற்குப் பழக்க வேண்டும். சோதனை முடிந்து சாப்பிடப் போகும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுவதை விட்டுவிடாதீர்கள், விரலில் படியும் அந்தக் கருமை ஈயம்.

ஐரோப்பாவில் போட்டியாளர்கள் ரைஃபிளைத் தயாரிப்பாளரின் சோதனைக்கூடத்திற்கே எடுத்துச் சென்று, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டில் ஆண்டுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். நமக்கு அந்த வழியில்லை. இறக்குமதியாகும் சரக்கு சிறு சிறு அளவில் வருகிறது, வந்ததும் தீர்ந்துவிடுகிறது. இதில் கடைக்காரரின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் முன்பணம் கட்டும்போது லாட் எண்ணைக் கேட்டால், “எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதானே சார்” என்ற பதிலை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கேட்க வேண்டியிருப்பது என்ன நியாயம்? எனக்கு வந்த ஒரு பார்சலில் இரண்டு வெவ்வேறு லாட் டின்கள் கலந்தே இருந்தன. தயாரிப்பாளர் பொறுப்புடன் எண்ணை ஒட்டி அனுப்புகிறார். அதைத் திருப்பிப் படித்துச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை மறுப்பதால், மாநிலப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளை ஒன்று தன் பிடியில்தான் குறை இருக்கிறது என்று நம்பி, சரியாக இருந்த நிலையைக் கெடுத்துக்கொள்கிறது. இதை எங்கள் ரேஞ்சில் கண்ணால் பார்த்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி, பயிற்சிக்கென வாங்கிய விலை குறைந்த பெல்லட்டிலிருந்து வந்தது. டின்னைத் தட்டினால் ஈயச் சீவல் கொட்டுகிறது. குரூப் ஒன்பது மில்லிமீட்டருக்குக் கீழே வருவதில்லை. ஆனாலும் லாட் மாறியபோது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காரணம் எளிது: ஒரே லாட்டுக்குள்ளேயே இருக்கும் சிதறல் பெரிதாக இருப்பதால், லாட்டுகளுக்கு இடையிலான வேறுபாடு அதில் மறைந்துவிடுகிறது. தரத்தில் இது மேட்ச் பெல்லட்டுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் ட்ரிகர் பயிற்சிக்கும் நிலைப் பயிற்சிக்கும் இதுவே போதும், நாளைக்கு எப்படி இருக்குமோ என்ற சந்தேகமும் இல்லை.

“அண்ணே, விலை குறைஞ்சிருக்கு, பத்து டின் எடுத்துடவா?” என்று கேட்ட தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: பத்தும் ஒரே லாட் என்று எண்ணைச் சொல்லி எழுதித் தந்தால், முதலில் அதில் ஒரு டின் மட்டும் வாங்கிச் சுட்டுப் பார், குவிந்தால் மீதி ஒன்பதையும் அன்றைக்கே எடு. எழுதித் தராவிட்டால் விட்டுவிடு. என் கையில் பட்ட பெல்லட்டுகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் இந்த விலையிறக்கத்தில் நான் ஒரு டின்கூட வாங்கவில்லை. பழைய லாட்டில் எஞ்சியவை போட்டிக்கென்று, ஈயம் வெள்ளை பூக்காதபடி ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் இருக்கின்றன; பயிற்சி அந்த மலிவான பெல்லட்டில் நடக்கிறது. அடுத்த சரக்கு வரும்போது லாட் எண்ணைக் கேட்டுத்தான் பணம் கட்டுவேன்.