மட்டக்களப்பில் முகில் பாதுகாப்புச் செயலமர்வு: ஒருநாள் அனுபவம்

மட்டக்களப்பு நகரில் தனியார் பயிற்சி நிலையமொன்று நடத்திய முகில் கணிமை (கோப்புகளையும் மின்னஞ்சல்களையும் இணையவழி சேமித்துப் பயன்படுத்தும் ‘கிளவுட்’ முறை) பாதுகாப்புச் செயலமர்வுக்கு, எங்கள் சிறுகடன் சங்கத்தின் சார்பில் நானும் எழுதுவினைஞர் அக்காவும் சென்றிருந்தோம். ஆளுக்கு 3,500 ரூபாய் கட்டணம். அது வீண்போகவில்லை.

வளவாளர் முதல் வேலையாக, அவரவர் கூகுள் டிரைவைத் திறந்து, எந்தக் கோப்பு யாருடன் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் தயாரித்த, கிரான் பகுதி அங்கத்தவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கடன் நிலுவை ஆகியவை அடங்கிய அட்டவணை, ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற நிலையில் அப்படியே கிடந்தது. வாட்ஸ்அப்பில் அவசரமாக அனுப்புவதற்காக அப்படி மாற்றியவன் நானே. எங்களை நம்பி விபரம் தந்த பெண்களை நினைத்தபோது மனம் பதறியது. அங்கேயே அந்த அனுமதியை நீக்கினேன்.

கூகுள் போன்ற முகில் சேவை வழங்குநர் தன் கட்டடத்தையும் இயந்திரங்களையும் காப்பார், யாருக்கு எதைத் திறந்துவிடுவது என்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்ற பங்கீட்டை அதன் பிறகே விளக்கினார். 2019 இல் கெப்பிட்டல் வன் வங்கியில், தவறாக அமைக்கப்பட்ட தீச்சுவர் (வலையமைப்புக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் பாதுகாப்பு அமைப்பு) வழியாக அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விபரங்கள் வெளியேறியதை உதாரணம் காட்டினார். என்னை அதிகம் பாதித்தது நம் நாட்டு உதாரணமே: 2023 ஓகஸ்ட் மாதம் அரச மின்னஞ்சல்களை இயக்கும் லங்கா அரசாங்க முகில், தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கப்பத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இல்லாமையால், சுமார் 5,000 அரச முகவரிகளின் அக்காலக் கடிதங்கள் இழக்கப்பட்டன.

குறைகளும் உண்டு. கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசி வழியாகவும் உறுதிசெய்யும் இருபடிச் சரிபார்ப்புக்கு ஒதுக்கியது 15 நிமிடம் மட்டுமே; கைத்தொலைபேசி தொலைந்தால் கணக்குக்குள் எப்படி நுழைவது என்ற அக்காவின் கேள்விக்கு நேரம் போதவில்லை. வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்குகளை மூடுவது பற்றி ஒரு வசனம்தான் வந்தது; எங்களைப் போன்ற சிறிய சங்கங்களில் பெரிய ஓட்டை அதுவே. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் பக்கத்துக்குப் பக்கம் நான் அக்காவுக்கு விளக்க வேண்டியதாயிற்று. தமிழ் பேசும் மாவட்டத்தில் இதை ஏற்க முடியாது. கருத்துப் படிவத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை செல்வோர் மடிக்கணினி கொண்டு செல்லுங்கள். முடிந்தால், அலுவலகக் கணக்கின் நிர்வாக அனுமதி உள்ளவரையே அனுப்புங்கள்.