பம்ப் ஓட்டக் கற்க எங்கே போவது: எம்.எஸ்சி.யா, டிப்ளமோவா?

சித்தி பொண்ணு பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, கையில் இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் போன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்று சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பெர்ஃபியூஷன். இன்னொன்று திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தும் இரண்டு வருட முதுநிலை டிப்ளமோ. "அண்ணே, நீ எதுக்கு டிப்ளமோ எடுத்த?" இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி இரண்டு கடிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு நானும் முழித்தேன், அதனால் போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டிப்ளமோ கட்சி. நடுநிலை எதிர்பார்த்து வாசிக்க வேண்டாம்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்யும்போது அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் செய்கிறது, நாங்கள் பம்ப் என்று சொல்வது அதைத்தான், அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவன்தான் பெர்ஃபியூஷனிஸ்ட். 1953 மே 6-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன் 18 வயதுப் பெண்ணின் இதயத்து ஓட்டையை அடைத்தபோது, அவரும் மனைவி மேரியும் பல வருடம் பாடுபட்டு உருவாக்கிய இயந்திரம் 26 நிமிடம் அந்தப் பெண்ணின் இதயமாகவும் நுரையீரலாகவும் ஓடியது. இன்று நாங்கள் ஓட்டுவது அதன் பேரப்பிள்ளை. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்குப் பொருத்தியபோது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துகொண்ட எக்மோவும் இதே குடும்பம்தான். இவ்வளவும் விளக்கிய பிறகும் எங்கள் அம்மா கேட்டது, "அப்போ நீ டாக்டரா மெக்கானிக்கா மக்களே?" இரண்டுக்கும் நடுவில் என்றேன். இன்னும் திருப்தி வரவில்லை அவளுக்கு.

பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரும் வழி ஒன்றும் உண்டு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் கார்டியோ பல்மனரி பெர்ஃபியூஷன் கேர் டெக்னாலஜி என்று நீளமான பெயரில் ஒரு பி.எஸ்சி. இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். இப்போது பிளஸ் டூவில் இருப்பவர்கள் அதைப் பார்க்கலாம். என்னைப் போலவும் இவளைப் போலவும் ஏற்கெனவே வேறு டிகிரி முடித்துவிட்டவர்கள் மறுபடி முதல் வருடத்தில் போய் உட்கார முடியாது, அதனால் அதை இங்கே விடுகிறேன்.

பணம், தூரம் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். தனியாரில் எம்.எஸ்சி. என்றால் பீஸ், விடுதி, சென்னைச் சாப்பாடு. ஆஸ்பத்திரி டிப்ளமோவில் பெரும்பாலும் பீஸ் குறைவு, நான் படித்த இடத்தில் மாதம் ஓர் உதவித்தொகையும் தந்தார்கள், அறை வாடகையும் சாயாவும் போகக் கொஞ்சம் மிஞ்சியது. அப்பாவுக்கு இருப்பது முக்கால் ஏக்கர் ரப்பர், அன்றைக்கு ரப்பர் விற்ற விலைக்கு எம்.எஸ்சி. என்றால் கடன்தான். தூரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும்: குழித்துறையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தானே, சீசன் டிக்கெட் எடுத்து வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று சித்தி நினைக்கிறாள். நடக்காது. காலை ஆறரைக்கு ஆபரேஷன் தியேட்டரில் சர்க்யூட் பூட்ட, அதாவது இயந்திரத்தின் குழாய்களை மாட்ட, நிற்க வேண்டும், கடைசி கேஸ் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நான் முதல் மாதம் முயற்சி செய்து பார்த்துவிட்டு மெடிக்கல் காலேஜ் பக்கம் அறை எடுத்தேன்.

திருவனந்தபுரம் என்றதும் நம் ஊர்க்காரர்கள் கேட்பது ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தைத்தான். 1980-ல் பார்லிமென்டில் சட்டம் போட்டு தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆக்கிய இடம், நம் நாட்டிலேயே செய்த இதய வால்வை 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திக் காட்டியவர்கள். அங்கும் பெர்ஃபியூஷனுக்கு முதுநிலை டிப்ளமோ உண்டு, நுழைவுத் தேர்வு உண்டு, இடம் விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்குக் கிடைக்கவில்லை. நான் படித்தது வேறு ஆஸ்பத்திரி, இவளுக்குக் கிடைத்திருப்பதும் வேறு. ஸ்ரீசித்ராவில் கிடைத்திருந்தால் அவள் எனக்குப் போன் பண்ணியிருக்கவே மாட்டாள்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கே சேர்வது என்பதை ஒரே ஒரு கேள்வி தீர்த்துவிடும் என்பது என் முடிவு: இரண்டு வருடத்தில் உன் கையால் எத்தனை பம்ப் கேஸ் ஓட்டுவாய்? கட்டிடம், சிலபஸ், ஆய்வுக் கட்டுரை, புரோஷரில் இருக்கும் வெள்ளைக்கோட்டு போட்டோ எல்லாம் அப்புறம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, சேர்வதற்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை. "எங்களிடம் வருஷத்துக்கு 600 இதய ஆபரேஷன்" என்று ஒரு இடம் சொல்லும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம் நாட்டில் பைபாஸ் ஆபரேஷனில் பெரும்பங்கு ஆஃப் பம்ப், அதாவது இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே தைப்பது. நோயாளிக்கு அதில் என்ன லாபம் நஷ்டம் என்பதை சர்ஜன்கள் பேசிக்கொள்ளட்டும். பெர்ஃபியூஷன் மாணவனுக்கு அதில் வேலை இல்லை, பம்பைத் தயாராக ஓரத்தில் நிறுத்திவிட்டு, தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள் என்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 600-ல் 350 ஆஃப் பம்ப் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 250. வருஷத்துக்கு ஐந்து பேர் வீதம் இரண்டு பேட்ச், பத்து மாணவர்கள். தலைக்கு வருஷம் 25, இரண்டு வருஷத்தில் 50. முதல் வருடத்தில் பெரும்பாலும் பக்கத்தில் நின்று சார்ட் எழுதுவதுதான் என்பதால் கையில் பிடித்தது 30 வந்தாலே பெரிது. இன்னோர் இடத்தில் வருஷம் 900 பம்ப் கேஸ், மாணவர்கள் மொத்தமே நான்கு பேர். பாதியை சீனியர்களே எடுத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு நூறு தாண்டிவிடும். இவை நான் விளக்கத்துக்குப் போட்ட எண்கள்தான், ஆனால் நான் படித்த இடம் இரண்டாவதற்குப் பக்கம், எம்.எஸ்சி. படித்த என் கூட்டாளியின் இடம் முதலாவதற்குப் பக்கம். அமெரிக்காவில் படிப்பு முடிக்கவே குறைந்தது 75 கேஸ் கணக்குக் காட்ட வேண்டும், சான்றிதழ் வாங்கிய பிறகும் அதைத் தக்கவைக்க வருஷம் 40 என்று ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த 30-ஐப் பாருங்கள்.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறேன் என்றால், பம்ப் முன்னால் யோசிக்க நேரம் கிடையாது. பெரியவர் ஒருவருக்கு நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, ரத்தம் வந்து சேரும் தொட்டியான ரிசர்வாயரில் 400 மில்லி இருக்கிறது. சர்ஜன் இதயத்தைத் தூக்கிப் புரட்டுகிறார், உடம்பிலிருந்து வரும் ரத்தம் சட்டென்று நிற்கிறது. அந்த 400 காலியாக ஆறு விநாடி. அதற்குள் ஓட்டத்தைக் குறைக்கவில்லை என்றால் காற்று உள்ளே போகும், காற்று மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. அலாரம் இருக்கிறது, குமிழி கண்டுபிடிக்கும் சென்சார் இருக்கிறது, ஆனாலும் அவற்றுக்கு முன்னால் கை போக வேண்டும். அந்தக் கை முப்பது கேஸில் வராது, எனக்கு எண்பதாவது வாக்கில்தான் வந்தது. என் சீனியர் சேட்டன் இரண்டு வருஷமும் என் காதருகே சொன்ன ஒரே பாடம் "மோனே, லெவல் நோக்கு", அதாவது தொட்டியில் ரத்த மட்டத்தைப் பார். இன்றைக்கும் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது லெவல் பார்க்கிறேன், அது வேறு வியாதி.

என் தப்பு ஒன்றையும் சொல்லவேண்டும். இரண்டாம் வருடம், வால்வு மாற்றும் கேஸ், தானாகக் குளிர விட்டிருந்த ரத்தத்தைத் திரும்பச் சூடாக்கச் சொல்லிவிட்டார்கள். சூட்டை ஏற்றிவிட்டேன், மெஷின் 38 காட்டுகிறது, நோயாளி 34-லேயே நிற்கிறார். சர்ஜன் மூன்று தடவை "டெம்பரேச்சர்?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது, மறுபடி மறுபடி பட்டனையே அமுக்குகிறேன். சேட்டன் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குச் சூடு கொண்டுபோகும் தண்ணீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய், காலையில் நான் போட்டுவிட்டு எடுக்க மறந்த, குழாயைக் கவ்வி அடைக்கும் கிளாம்பைத் திறந்தார். பன்னிரண்டு நிமிடம் வீண். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து பூட்டி முடித்ததும் டேபிளிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டுக்கொண்டு ஒருமுறை நடக்கிறேன். எந்த சிலபஸிலும் இருக்கிற விஷயம்தான் இது, செக் லிஸ்டில் டிக் அடித்தும் இருந்தேன்.

எண்ணிக்கையோடு ரகமும் பார்க்க வேண்டும். குழந்தை கேஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான், நம் குழாய்களை நிரப்ப அதே அளவோ மேலேயோ வேண்டும், அதனால் வங்கி ரத்தத்தைக் கலந்து, அதன் பொட்டாசியம் பார்த்து, எல்லாம் சரிக்கட்டிய பிறகுதான் ஆரம்பிக்கவே முடியும். பெரியவர்களுக்கு மட்டும் ஓட்டப் பழகியவன் அங்கே திணறிப்போவான். அப்புறம், உடம்பை 18 டிகிரிக்குக் குளிர்வித்து ரத்த ஓட்டத்தையே நிறுத்திச் செய்யும் பெருந்தமனி கேஸ்கள், எக்மோ. இவை வருஷத்துக்குச் சில வந்தால்கூடப் போதும், ஆனால் வர வேண்டும்.

எம்.எஸ்சி.க்கு என்ன பலம் என்றால், அந்தப் பட்டம்தான். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. 2021-ல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினருக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பெர்ஃபியூஷனிஸ்டும் உண்டு. அந்தச் சட்டம் இரண்டு வகை வைத்திருக்கிறது. 2,000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமோவோ டிகிரியோ படித்தவர்கள் ஒன்று, 3,600 மணி நேரத்துக்குக் குறையாத டிகிரி படித்தவர்கள் இன்னொன்று. பதிவு, பதவிப் பெயர், அரசு வேலை அறிவிப்பில் கேட்கும் தகுதி எல்லாம் போகப் போக இதைச் சுற்றித்தான் நிற்கும் என்று நினைக்கிறேன், அப்போது டிப்ளமோ என்ற சொல் என்னைப் போன்றவர்களுக்கு உறுத்தலாம். கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும், பிஎச்.டி. போக வேண்டும் என்றால் டிப்ளமோ உதவவே உதவாது. என் கூட்டாளி இன்று ஒரு கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறான், ஆய்வுக் கட்டுரை எழுதுகிறான், மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிறான். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஏற்கெனவே பி.எஸ்சி. பெர்ஃபியூஷன் முடித்து, இன்டர்ன்ஷிப்பில் கேஸ் ஓட்டிக் கை பழகிவிட்டவர்கள் என்றால் நானே எம்.எஸ்சி. போ என்பேன். விலங்கியலிலிருந்து வருபவளுக்குக் கைதான் முதலில் வேண்டும்.

வெளிநாட்டைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. கூடப் படித்தவன் மஸ்கட்டில் இருக்கிறான், நேர்காணலில் அவனிடம் சான்றிதழைப் புரட்டியது இரண்டு நிமிடம், தனியாக எத்தனை கேஸ், அதில் குழந்தைகள் எத்தனை என்று குடைந்தது அரைமணி நேரம் என்றான். ஒருவன் சொன்னதுதான், இதை வைத்து வளைகுடா முழுவதையும் எடைபோட வேண்டாம், பட்டம் இருந்தால்தான் உள்ளேயே விடும் இடங்களும் இருக்கலாம். அமெரிக்கா என்றால் இரண்டுமே நேராகச் செல்லாது, அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்துத்தான் அவர்களுடைய போர்டு தேர்வை எழுத வேண்டும். நர்சிங் படித்துவிட்டுப் பறந்த நம் மார்த்தாண்டத்து அக்காமாரைப் பார்த்து இதிலும் அப்படியே போய்விடலாம் என்று யாராவது நினைத்தால், அவ்வளவு அகலமான வாசல் இது இல்லை. நாகர்கோவிலைச் சுற்றி வேலை வேண்டும் என்றாலும் இடம் குறைவுதான், திருவனந்தபுரம், மதுரை, சென்னை என்றுதான் போக வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சொன்ன பிறகும் அவளுக்குக் கிடைத்திருக்கும் அந்த டிப்ளமோ ஆஸ்பத்திரியில் இப்போது எத்தனை பம்ப் கேஸ் நடக்கிறது என்பதை அவள்தான் போய்ப் பார்க்க வேண்டும். டிப்ளமோ என்ற பெயருக்காக நான் பேசவில்லை, அங்கே பேருக்கு நாலு கேஸ் மட்டும் நடந்து, சென்னைப் பல்கலைக்கழகத்து ஆஸ்பத்திரியில் தினம் ஐந்து கேஸ் நடந்தால் என் கட்சி அன்றைக்கே மாறும். சென்னைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் 20-ம் தேதி, அதனால் திங்கட்கிழமை திருவனந்தபுரம், புதன்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் சென்னை என்று டிக்கெட் போட்டாகிவிட்டது. அவளிடம் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: துறைத் தலைவர் அறைக்குப் போவதற்கு முன்னால் இரண்டாம் வருட மாணவர் யாரையாவது டீக்கடையில் பிடி, அவருடைய லாக் புக்கைக் கேட்டு வாங்கிப் பார், அதில் "பார்த்தது" எத்தனை, "உதவியது" எத்தனை, "ஓட்டியது" எத்தனை என்று எண்ணிக்கொண்டு எனக்குப் போன் பண்ணு.