வாக்குச்சீட்டில் யார் மேலே, யார் பக்கத்தில்?

தென்னாப்பிரிக்கப் பொதுத்தேர்தலில், 2024 மே 29 அன்று எங்கள் கையில் கொடுத்த தேசிய வாக்குச்சீட்டில் 52 கட்சிகள். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் கண்ணாடி போட்ட தாத்தாக்கள்கூட விரலை வைத்துத் தேடித்தான் ஆக வேண்டும். இத்தனை பேரை எப்படி வரிசைப்படுத்துவது?

வெறும் அகரவரிசை சுலபம். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள், மற்றக் கட்சிகள், சுயேச்சைகள் என்று மூன்றாகப் பிரித்து அதைத்தான் செய்கிறார்கள். பெயரின் முதலெழுத்தே அதிர்ஷ்டமாகிவிடும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் முதலிடம் யாருக்கு என்று மட்டும் தேர்தல் ஆணையம் குலுக்கும். அங்கிருந்து அகரவரிசை சுற்றி வரும். முதலிடத்துக்கு மவுசு உண்டா? 1994 சீட்டில் உச்சியில் இருந்தது பான் ஆப்பிரிக்கனிஸ்ட் காங்கிரஸ், கிடைத்தது 1.25 சதவீதம். சீட்டு அச்சான பிறகு போட்டிக்கு வந்த இன்காதா கட்சியை அடியில் ஸ்டிக்கராக ஒட்டினார்கள், அதற்கு 10.5 சதவீதம்! தலைவர் படமும் சின்னமும் இருந்தால், தெரிந்த கட்சியை ஜனங்கள் எந்த மூலையிலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது பக்கத்து இடம். எந்த எழுத்தில் தொடங்கினாலும் அகரவரிசையில் அண்டைவீட்டார் மாறுவதில்லை. மட்டட்டியேல் ஊரை ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தோடு சேர்த்ததை எதிர்த்துப் பிறந்த சின்னக் கட்சி ஆப்பிரிக்கன் இன்டிபென்டென்ட் காங்கிரஸ். சுருக்கினால் ஏ.ஐ.சி. பெயரும் நிறங்களும் பெரிய கட்சியான ஆப்பிரிக்கன் நேஷனல் காங்கிரஸை (ஏ.என்.சி.) ஒத்தவை, சீட்டிலும் அதன் அருகிலேயே இடம். 2014-ல் நாடாளுமன்றத்தில் 3 இடங்கள்! தவறி விழுந்த ஓட்டு என்ற பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை. முதலிடத்தை மட்டும் குலுக்கினால் இது தீராது.

தீர்க்கக்கூடியது முழுக் குலுக்கல். ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தலில் தொகுதிக்குத் தொகுதி தனியாகக் குலுக்குகிறார்கள். வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி எண் போட வேண்டிய அங்கும், மேலிருந்து வரிசையாக 1, 2, 3 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த லாபம் ஒவ்வொரு தொகுதியிலும் ஒவ்வொருவருக்குப் போகிறது.

ஏட்டளவில் அதைவிட நியாயமானது டாஸ்மேனியாவின் ராப்சன் முறை. கட்சிக்குள் வேட்பாளர் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு மாற்றி அச்சடிப்பார்கள். இங்கே அது சரிப்படாது என்பேன். வாக்குச்சாவடியிலேயே ராத்திரி கையால் எண்ணுகிறோம். குறி இருக்கும் இடம் சீட்டுக்குச் சீட்டு மாறினால் விடிந்துவிடும். பார்வையற்றோர் சீட்டின் மேல் துளையிட்ட அட்டையை வைத்து, எத்தனையாவது கட்டம் என்று தடவிக் குறி போடுகிறார்கள். வரிசை நிலையாக இல்லாவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம். "மேலேயிருந்து ஏழாவது, ஆயா" என்று கட்சித் தொண்டர் சொல்லி அனுப்புவதும் பலிக்காது (அது போனால் போகட்டும்).

என் ஓட்டு முழுக் குலுக்கலுக்கே, அதுவும் 9 மாகாணங்களுக்கும் தனித்தனியாக. ஒரு சாவடிக்குள் எல்லாச் சீட்டும் ஒன்றே என்பதால் எண்ணுகிறவருக்கும் அட்டைக்கும் தொல்லை இல்லை. வார்டு தேர்தலுக்கு இது இன்னும் அவசரம்: அங்கே பெயர் தெரியாத சுயேச்சைகளும் நிற்கிறார்கள், சீட்டும் எப்படியும் வார்டுக்கு வார்டு தனியாகத்தான் அச்சாகிறது.