பழைய தட்டு, கேசட், ஹார்டு டிஸ்க்: ஒரு செட்டிநாட்டு வீட்டில் பல வருடப் புழக்கம்

பள்ளத்தூர் வீட்டில் அரக்குத் தட்டு (அரக்கில் செய்த பழைய 78 வேக இசைத்தட்டு), எல்.பி. என்கிற வினைல் தட்டு, கேசட், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் பல வருடங்களாகக் கலந்துகட்டிப் புழங்கி வருகிறேன். பாதிக்கு மேல் அப்பச்சி (அப்பா) சேர்த்தது, மிச்சம் நான் வாங்கியது. இந்த ஊர் வெயிலையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் தாண்டி எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று: ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து, கையில் இருப்பதை ஒழுங்காக வைக்கவும் கணினியில் ஏற்றவும் செலவழியுங்கள். பாட்டு மிஞ்சினால் ஸ்பீக்கரை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பக்கம் தட்டுகளுக்குப் பஞ்சமில்லை. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரே சினிமாவில் பெயர் எடுப்பதற்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு விற்றவர்தான். வீடுகளைப் பிரிக்கும்போது வெளியே வரும் தட்டுகள் இப்போதும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முள் ஓடும் பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த தட்டு, எத்தனை கழுவினாலும் இரைச்சல் போகாது. பளபளவென்று பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் எங்கேயும் கண்ணில் படும். அதில் பெரும்பாலானவை புதிதாகக் கோத்தவை. முகப்பில் வைக்க அழகாக இருக்கும், சரி. நல்ல தட்டை மட்டும் அதில் போடாதீர்கள். முள்ளைத் தாங்கும் கை கனம். அசல் மெஷினிலேயே இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றியாக வேண்டும், யார் மாற்றுகிறார்கள்?

நான் தட்டு ஓட்டும் மெஷின் ஆடியோ-டெக்னிகா எல்.பி. 120 எக்ஸ். 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு, மோட்டாரே நேராகச் சுழற்றும், பெல்ட் கிடையாது. நம் ஊர்ச் சூட்டுக்கு பெல்ட் இல்லாதது பெரிய நிம்மதி. 78-க்கு முள்ளை மாற்ற வேண்டும். எல்.பி. முள் அதன் அகலப் பள்ளத்தின் அடியில் இருக்கும் தூசியைத்தான் உழும். அரக்குத் தட்டுக்கென்றே வரும் தடித்த முள்ளைச் செருகி, கையின் கனத்தை 5 கிராமுக்கு ஏற்றினால், வேறு தட்டோ என்று நினைக்கும்படி பாடும். நாகசுர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அப்படிக் கேட்டபோதுதான் பின்னால் ஒலிக்கும் சுருதியின் நாதம் தனியாகக் காதில் விழுந்தது.

வைத்துக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்கக் கூடாது. 10 அங்குல அரக்குத் தட்டு ஐம்பதை அடுக்கினால் ஏறக்குறைய பத்துக் கிலோ, அடியில் இருப்பது விரிசல் விடும். செங்குத்தாக, ஒன்றோடொன்று சாயாமல் நிறுத்துங்கள். மாடி அறை கூடவே கூடாது, சித்திரை வெயிலில் தட்டோட்டுத் தளம் கொதிக்கும், எல்.பி. வளைந்துவிடும். கீழே வளவைச் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தை) சுற்றியுள்ள அறைகள்தான் சரி. தடித்த சுவர், சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மழைக்காலத்தில் அதே அறை ஈரத்தையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுதான் சிக்கல். நான் இரும்பு பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். பர்மாத் தேக்குப் பெட்டகத்தில் வைக்கலாமே என்பார்கள். தேக்கைக் கரையான் லேசில் தொடாது, ஆனால் உள்ளே காற்று ஓடாததால் காகித உறைகளில் பூஞ்சை வந்துவிடுகிறது.

கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. எல்.பி.க்கு ஸ்பிரிட் கலந்த திரவம் போடுவார்கள், அரக்குத் தட்டுக்கு அது விஷம். நம் கதவுக்கும் தூணுக்கும் பாலிஷ் போடுகிற ஆசாரி இதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுகிறார். தட்டும் அப்படியே கரையும். காய்ச்சி வடித்த தண்ணீர், துளி சோப்பு, மெத்தென்ற பிரஷ், நடுவில் ஒட்டிய லேபிள் நனையாத கை. இவ்வளவு போதும்.

கேசட்டுதான் அதிகம் படுத்தும். அப்பச்சி திருச்சி வானொலியிலிருந்து பிடித்து வைத்தவை ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கேசட்டின் உள்ளே டேப்பை ஹெட்டோடு (ஒலியைப் படிக்கும் முனையோடு) அழுத்தப் பட்டு மாதிரி ஒரு துளிப் பஞ்சுத் துண்டு உண்டு. சூட்டில் அதன் பசை விட்டுப்போகும், பாட்டு ஏறி இறங்கி மங்கும். டேப் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஸ்க்ரூ வைத்த வேறொரு கேசட்டை வாங்கி, ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் சுருளை எடுத்துவிட்டு, பழைய சுருள் இரண்டையும் டேப் முறுக்காமல் உட்கார்த்தி மூடினால் சரியாகிவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

கேசட் ஓட்டும் டெக்கின் வேகத்தையும் பார்க்க வேண்டும். 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், பாடுகிறவர் குரலே மாறித் தெரியும். ஒரு கடையில் கொடுத்து ஏற்றி வாங்கிய கேசட்டுகளில் பாதி அப்படித்தான் கீச்சென்று வந்தன, காசும் போய் மறுபடி எல்லாவற்றையும் நானே ஏற்றினேன். அந்த வித்வானின் நல்ல சி.டி. ஒன்றிருந்தால் அதன் தம்பூராவோடு ஒப்பிட்டுப் பார்த்து, மோட்டார் ஸ்க்ரூவைத் துளித் துளியாகத் திருப்புங்கள். ஆனால் எல்லோரும் சுருதிப் பெட்டியின் கட்டைக்குச் சரியாக நின்று பாடியதில்லை, வயதாக ஆகச் சுருதியைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. கடைசியில் காதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஏற்றும்போது எம்.பி.3 வேண்டாம், ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) வடிவத்தில் வையுங்கள். சி.டி. தரத்தில் ஒரு மணி நேரம் அப்படியே வைத்தால் 600 எம்.பி.க்குச் சற்று மேலே போகும், ஃப்ளாக்கில் ஏறக்குறைய அதில் பாதி, தரமும் குறையாது. எம்.பி.3-ல் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பல கருவிகளில் சின்ன வெட்டு விழும். சினிமாப் பாட்டில் அது தெரியாது, ராகம் தானம் பல்லவியில் ராகம் முடிந்து தானம் எடுக்கிற இடத்தில் கல்லாக உறுத்தும். போன் செயலிகள் இன்னும் மோசம். ராகம் ஒரு இடம், பல்லவி ஒரு இடம் என்று கலைத்துப் போடுகின்றன. வர்ணத்தில் தொடங்கித் துக்கடா என்கிற சின்ன உருப்படிகளில் முடியும் இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர் பக்கத்து ஊர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் கச்சேரியையே அந்தச் செயலி மங்களத்தில் தொடங்கி வைக்கிறது! நான் கச்சேரிக்கு ஒரு கோப்புறை என்று வைத்து, உருப்படிகளுக்குப் பாடிய வரிசையிலேயே எண் கொடுத்துவிடுகிறேன்.

பெயர் எழுதுவதில் சோம்பல் கூடாது. பாடியவர், ராகம், உருப்படி, தாளம், எதிலிருந்து எடுத்தது, முக்கியமாகப் பக்கவாத்தியம். செயலிகளில் வயலின் யார், மிருதங்கம் யார் என்று பெரும்பாலும் இருக்காது. ஆத்தா அதைத்தான் முதலில் கேட்பார்கள்: “தம்பி, வயலினு லால்குடி மாதிரியில்ல இருக்கு, யாருன்னு போடலையா?” அப்பச்சி கேசட் அட்டையில் எழுதியதையும் படம் எடுத்துக் கோப்புறையில் போட்டிருக்கிறேன். ஒன்றில் “கல்யாணி, நடுவில் கரண்ட் போச்சு” என்றிருக்கிறது. அந்த வெட்டு நாம் ஏற்றியதில் வந்ததில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கேட்கும் இடம்: வளவில் ஸ்பீக்கர் வைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடியாக மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடிக் கல், உயரமான கூரை, எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் ஒரே குழம்பலாகிவிடும். நாகசுரம் மட்டும் விதிவிலக்கு, அது திறந்த வெளி வாத்தியம், வளவில் ஜம்மென்று கேட்கும். காரைக்குடி சாம்பசிவ ஐயர் வீணைக்கு அறைதான். ஜமுக்காளம் விரித்து, சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்துவிட்டால் சின்ன ஸ்பீக்கரிலேயே மீட்டும் விரலும் கமகமும் துல்லியமாகக் கேட்கும். மெத்தைக்குச் செலவே இல்லை, கல்யாணத்துக்குச் சேர்த்தது எல்லா வீட்டிலும் குவிந்து கிடக்கிறது.

ஹார்டு டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறேன், ஒன்று மதுரையில் தங்கை வீட்டில். பொங்கலுக்கு அவள் வரும்போது கொண்டுவருவாள், புதிதாக ஏற்றியதைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஸ்பூல் டேப்புகளும் (கேசட்டுக்கு முந்தைய பெரிய சுருள்கள்) கொஞ்சம் பாக்கி இருக்கின்றன. அதற்கென்று பழைய மெஷின் வாங்கி ரிப்பேருக்கு அலைவதில் எனக்கு விருப்பமில்லை. சென்னையில் செய்து தருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் முதலில் கொடுத்து, சுருதி சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைக் கொடுப்பதாக இருக்கிறேன்.